காட்டு வெயிலுக்கு முழுக்கைச் சட்டையா, சன்ஸ்கிரீனா?

தாராபுரம் பக்கம் வெங்காயக் காட்டில் களை எடுக்கும் அக்கா ஒருவர் கேட்டார், இதில் எது நல்லது என்று.

செலவு: சட்டை வாங்கினால் வருடக்கணக்கில் வரும். சன்ஸ்கிரீன் என்ற வெயில் தடுப்பு கிரீமைத் தீரத் தீர வாங்க வேண்டும்.

தாங்குவது: நெருக்கமாக நெய்த பருத்திச் சட்டை நாள் முழுக்கக் காக்கும். எஸ்.பி.எஃப் (வெயில் தடுப்பு அளவு) 30 உள்ள கிரீம், தோலைச் சுடும் புறஊதா-பி கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும். ஆனால் 2 மணிக்கொருமுறை பூச வேண்டும், வேர்த்தால் இன்னும் சீக்கிரமே.

காட்டு வேலைக்குச் சேலைக்கு மேல் சட்டை, தலைக்குத் துண்டு. அதுதான் என் தேர்வு. முகம், காது, புறங்கைக்குக் கிரீம் போதும்.

அப்புறம், நம் நிறத்தவருக்கு மெலனோமா என்ற தோல் புற்றுநோய் பெரும்பாலும் வெயில் படாத உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வரும். அதை இரண்டுமே தடுக்காது. அங்கே கரும்புள்ளி பெரிதானாலோ, எங்காவது புண் ஒரு மாதமாகியும் ஆறாவிட்டாலோ தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.