பழைய மினி டிராக்டர் கிளட்ச்: பேசிங் அடிக்கவா, புது பிளேட் போடவா?

திருநெல்வேலி மாவட்டத்தில் களக்காடு, ஏர்வாடிப் பக்கம் வாழைக்குள் ஓடும் மினி டிராக்டருக்குக் கிளட்ச் போவது ஒரு விதம். சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் வயலில் கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டித் தொழி அடிக்கும் (சேறு கலக்கும்) வண்டிக்குப் போவது வேறு விதம். வாழைக்குள் வரிசை முடிவில் ஒவ்வொரு தடவையும் திரும்பணும். ஓட்டுகிறவரின் கால் பெடலை விட்டு இறங்காது. அரைக் கிளட்சிலேயே வண்டி நகர்வதால் பேசிங் (கிளட்ச் பிளேட்டின் இரு முகத்திலும் அடித்திருக்கும் உராய்வுப் பட்டை) சூடேறித் தேய்ந்துவிடும். வயலிலோ சேறும் தண்ணீரும் கிளட்ச் ஹவுசிங்குக்குள் ஏறும். அறுப்பு முடிந்து வண்டி சும்மா நிற்கும்போது பிளேட் துருப்பிடித்து, எஞ்சினோடு சுழலும் கனத்த சக்கரமான ஃபிளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். “அண்ணாச்சி, ஏத்தத்துல எஞ்சின் உறுமுது, வண்டி நகர மாட்டேங்கு” என்பது முதல் வியாதி. “பெடலை முழுசா மிதிச்சாலும் கியர் விழ மாட்டேங்கு” என்பது இரண்டாவது. ரெண்டுக்கும் மருந்து ஒன்றல்ல.

வண்டியைப் பிரிக்கும் முன் பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். கனம் தட்டுவதற்கு முன் கொஞ்சம் சும்மா இறங்கணும். பல வண்டிகளுக்கு இது 20 முதல் 30 மி.மீ. வரை. சரியான அளவு அந்தந்த வண்டியின் கையேட்டில் இருக்கும். பேசிங் தேயத் தேய இந்த ஆட்டம் குறையும். அறவே இல்லாமல் போனால் பெடல் தள்ளும் ரிலீஸ் பேரிங் எப்போதும் பிரஷர் பிளேட்டின் (பிளேட்டை ஃபிளைவீலோடு அழுத்திப் பிடிப்பது) நெம்புகோலான ஃபிங்கர் மேல் உட்கார்ந்தே இருக்கும், பிளேட் முழுசாகப் பிடிக்காது. பெடல் ராடின் நட்டைத் திருப்பியதோடு வேலை முடிந்துவிடும் வண்டிகள் உண்டு.

அடுத்து ஹவுசிங்குக்கு அடியில் உள்ள சிறு ஓட்டை. அதில் ஆயில் சொட்டினால் விரலில் தொட்டுப் பாருங்கள். கறுப்பாக, நீர்த்து இருந்தால் எஞ்சின் ஆயில்; கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க சீல் போயிருக்கிறது. கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் கியர் ஆயில். கியர்பாக்ஸுக்குள் போகும் இன்புட் ஷாஃப்டின் சீலைப் பார்க்கணும். சீலை மாற்றாமல் எந்த பிளேட் போட்டாலும் அது எண்ணெயில்தான் நனையும். எண்ணெய் குடித்த பேசிங்கைப் பெட்ரோலில் கழுவி, தீயில் வாட்டி மறுபடி மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சூடேறியதும் உள்ளே ஊறியது வெளியே வரும், வழுக்கல் திரும்பிவிடும்.

இனி செலவுக் கணக்கு. இதில் பலரும் பிளேட் விலையை மட்டும் பார்க்கிறார்கள். உண்மையான பாரம் வண்டியை ரெண்டாகப் பிரிப்பதில்தான். பேட்டரி, மூடி, டீசல் பைப், வயர், ஸ்டீயரிங் ராடு எல்லாம் கழற்றணும். முன் ஆக்ஸிலுக்கும் அதன் தாங்கிக்கும் நடுவில் இரண்டு பக்கமும் மர ஆப்பு அடிக்கணும்; இல்லையென்றால் பிரித்த நொடியில் எஞ்சின் பாதி பக்கவாட்டில் சாயும். கியர்பாக்ஸ் அடியில் இரும்பு ஸ்டாண்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை, கீழே சிமெண்டுத் தரை. செங்கல் அடுக்கி அதன் மேல் நிறுத்தவே கூடாது. இத்தனை பாட்டையும் ஒரு போகத்துக்குள் மறுபடி படவைக்கிற சிக்கனம் சிக்கனமே இல்லை. கீழே சொல்வதையெல்லாம் இந்தக் கண்ணோடுதான் எடை போடுகிறேன்.

பழைய பிளேட்டில் புது பேசிங் அடிப்பது மலிவு. அந்த மாடலுக்குப் பிளேட்டே கிடைக்காத பழைய வண்டிக்கு இதுதான் வழி. ஹப் (பிளேட்டின் நடுக்குடம்) வண்டியோடு வந்ததே என்பதால் ஸ்ப்லைன் (ஷாஃப்டைக் கவ்வும் பற்கள்) பொருத்தத்தில் சந்தேகம் வராது. ஆனால் அந்த ஹப் நல்லதாக இருக்கணும். பிளேட்டை இன்புட் ஷாஃப்டில் ஏற்றிக் கையால் முன்னும் பின்னும் திருப்புங்கள். லொடலொட என்று ஆடினாலோ, ஸ்ப்லைன் பல்லில் படி விழுந்திருந்தாலோ, நடு ஸ்பிரிங் அதன் வீட்டுக்குள் தளர்ந்து குலுங்கினாலோ அந்த பிளேட்டுக்குச் செலவழிக்காதீர்கள். அடித்து வாங்கியபின் ஷாஃப்டில் சுழற்றி ஓரம் நெளிகிறதா என்று பார்க்கணும். நெளிந்தால் பெடலை மிதித்தாலும் பிளேட் முழுசாக விடுபடாது, கியர் கறகறக்கும். பழைய பேசிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூளைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

புது பிளேட் சமதளமாக வரும், ஆட்டம் இருக்காது. கடையிலேயே பழையதை அதன் மேல் வைத்து வெளிவட்டம், பற்களின் எண்ணிக்கை, ஹப் உயரம் மூன்றும் ஒத்துப் பார்த்து வாங்குங்கள். மாட்டும்போது எந்த முகம் ஃபிளைவீல் பக்கம் என்பதில் கவனம் வேண்டும். திருப்பி மாட்டினால் ஹப் இடித்துக்கொண்டு கிளட்ச் விடவே விடாது. பிளேட்டை நடுவில் நிறுத்தப் பழைய இன்புட் ஷாஃப்டோ, அதே அளவில் கடைந்த கட்டையோ போதும். பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, அதன் பிறகுதான் ஷாஃப்டை உருவணும்.

புது பிளேட் மட்டும் வாங்குகிறவர்கள் கோட்டை விடுவது ஃபிளைவீலில். முகத்தில் நீலம் பாய்ந்து, மயிரிழை விரிசலோ வரிவரியாகக் கீறலோ இருந்தால் புது பிளேட் அதில் படியாது. லேத்தில் முகத்தை மெல்லிசாகக் கடைந்து எடுக்கக் கொடுக்கணும். ஃபிளைவீல் குழிந்த வகையாக இருந்தால், பிளேட் படும் முகத்தில் எவ்வளவு எடுத்தார்களோ அதே அளவு பிரஷர் பிளேட் உட்காரும் விளிம்பிலும் எடுக்கச் சொல்லுங்கள். இதை விட்டால் ஸ்பிரிங் அழுத்தம் குறையும். எல்லாம் புதுசாகப் போட்டும் வண்டி வழுக்கும். பட்டறையில் பக்கத்தில் நின்று பார்த்து வாங்க வேண்டிய வேலை இது.

பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் செட்டாகப் போடுவதுதான் அதிகச் செலவு. ஃபிங்கர் நுனி தேய்ந்திருந்தாலோ பிரஷர் பிளேட் முகம் குழிந்திருந்தாலோ யோசிக்க வேண்டாம், செட்டே போடுங்கள். அவை நன்றாக இருந்தால் நான் சொல்வது நடுவழி: புது பிளேட், கடைந்த ஃபிளைவீல், ரிலீஸ் பேரிங், இன்புட் ஷாஃப்ட் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங், இரண்டு சீல். பேரிங்கும் சீலும் மொத்தச் செலவில் சிறு துண்டு. அவற்றுக்காக இன்னொரு முறை பிரிக்க நேர்வதுதான் பெரிய நஷ்டம்.

பேசிங்குக்குப் பதில் உலோகக் கலவை வில்லைகள் பதித்த பட்டன் பிளேட் பற்றியும் கேட்கிறார்கள். சூட்டைத் தாங்கும், லோடு இழுக்கும் பெரிய வண்டிக்கு நல்லது. ஆனால் வெடுக்கென்று பிடிக்கும், ஃபிளைவீலையும் சீக்கிரம் தின்னும். வாழைக்கன்றுக்கு ஒரு முழம் தள்ளி அங்குலம் அங்குலமாக நகர வேண்டிய மினி டிராக்டருக்குச் சாதா பேசிங்தான் தோது.

வீட்டில் செய்வதா, பட்டறையில் விடுவதா? சிங்கிள் கிளட்ச், சிமெண்டுத் தரை, துணைக்கு ஒரு விவரமான ஆள் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். சீலையும் பேரிங்கையும் நம் கண் முன்னால் மாற்றினோம் என்ற நிச்சயம் கிடைக்கும். பெடலின் முதல் பாதியில் வண்டியையும் முழு மிதியில் பி.டி.ஓ.வையும் (பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் ஷாஃப்ட்) நிறுத்தும் டூயல் கிளட்ச் என்றால், கழற்றி மாட்டுவதோடு நிறுத்திக்கொண்டு அந்த செட்டைத் தெரிந்த பட்டறையில் கொடுங்கள். உள்ளே இறுகிக் கிடக்கும் ஸ்பிரிங்கை உரிய கருவி இல்லாமல் அவிழ்த்தால் முகத்துக்கே வரும். ஃபிங்கர் உயரத்தையும் அளந்துதான் வைக்க முடியும், கண்ணளவு உதவாது.

கார் நெல் சாகுபடிக்கு ஜூனில் தண்ணீர் திறந்துவிட்டால் மெக்கானிக் கையில் கிடைக்க மாட்டார். பிசான நெல் அறுத்த கையோடு, கோடையில் பிரித்துவிடுங்கள். புது பேசிங் படிந்ததும் பெடல் ஆட்டம் கொஞ்சம் மாறும், சில நாள் உழவுக்குப் பின் மறுபடி அளந்து ராடைத் திருத்துங்கள். வயல் வண்டியானால், மழைக்காலத்தில் நாள்கணக்கில் நிறுத்தும்போது பெடலை மிதித்துக் கொக்கியிலோ கட்டை கொடுத்தோ நிறுத்தி வையுங்கள். பிளேட் ஃபிளைவீலை விட்டு விலகி நிற்கும், ஒட்டாது.