கோதுமை பீர்: பொடியில் தொடங்குவதா, தானியத்தில் தொடங்குவதா?

வீட்டில் கோதுமை பீர் தயாரிக்க முதன்முதலாக இறங்குபவருக்கு இரண்டு வழிகள் உண்டு. மால்ட் எக்ஸ்ட்ராக்ட் பொடியை, அதாவது மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய தானியத்தின்) சாறை உலர்த்தி எடுத்த பொடியை, வெந்நீரில் கரைத்துக்கொள்ளலாம். அல்லது உடைத்த மால்ட் தானியத்தைத் துணிப்பையில் இட்டு ஊறவைத்து, இனிப்புச் சாறை நாமே இறக்கலாம். தானியம்தான் அசல் என்று கைதேர்ந்தவர்கள் அடித்துச் சொல்வார்கள். இந்த பீரைப் பொறுத்தவரை, அதுவும் முதல் முறைக்கு, நான் பொடியின் பக்கம்.

ஜெர்மனியின் பவேரிய பாணி கோதுமை பீரில், பீருக்குக் கசப்பூட்டும் ஹாப்ஸ் பூவின் கசப்பு பெயரளவுக்குத்தான் இருக்கும். அதன் வாழைப்பழ மணமும் கிராம்பு மணமும் ஈஸ்ட் உண்டாக்குபவை. சாறு எந்த வழியில் வந்தாலும் அந்த வேலை நொதிக்கலனில்தான் நடக்கிறது.

தானிய வழியில் 10 லிட்டருக்குச் சுமார் 2.3 கிலோ மால்ட் வேண்டும். 65 முதல் 67 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் ஊற வேண்டும். கோதுமைக்கு உமி கிடையாது. ஊறியதும் பசைபோல இறுகி, சாறு இறங்க அடம்பிடிக்கும். துணிப்பை அந்தச் சிக்கலைப் பெரிதும் தீர்க்கிறது என்றாலும், சூடான ஈரப்பையைத் தூக்கிப்பிடித்து வடியவிடுவது கைக்கு நல்ல வேலை. பலனும் இல்லாமலில்லை: 45 டிகிரி அளவில் சிறிது நேரம் நிறுத்திவைத்தால் ஈஸ்ட் கிராம்பு மணமாக மாற்றும் பெருலிக் அமிலம் கூடுதலாக வெளிவந்து, கிராம்பு மணம் தூக்கலாக வரும். தானியம் விலையும் குறைவு. கோதுமையின் பங்கும் நம் கையில்.

பொடியில் அந்தப் பங்கைத் தயாரிப்பாளரே முடிவு செய்துவிடுகிறார். பெரும்பாலும் பார்லியும் கலந்தே வரும். 10 லிட்டருக்கு 1.3 கிலோ போதும், பாதி நாள் மிச்சம். ஒரே தொல்லை, கொதிக்கும் பாத்திரத்தின் மேல் கரண்டியை நீட்டினால் ஆவி பட்டு, பொடி கரண்டியிலேயே கட்டிதட்டிவிடும். அடுப்பை அணைத்துவிட்டு, மொத்தத்தையும் ஒரே மூச்சில் கொட்டிக் கலக்குங்கள். பாகு வடிவிலும் எக்ஸ்ட்ராக்ட் கிடைக்கிறது. பழையதானால் கருத்து, பீரின் வெளிர் நிறத்தைக் கெடுக்கும்.

மிச்சமாகும் நேரத்தையும் கவனத்தையும் ஈஸ்ட்டுக்குக் கொடுங்கள். உலர் ஈஸ்ட் பல மாதம் கெடாது, அப்படியே தூவலாம். திரவ ஈஸ்ட்டைக் குளிரில் வைக்க வேண்டும், ஆயுளும் குறைவு. ஆனால் வையஸ்ட் நிறுவனத்தின் 3068 போன்ற திரவ வகை தரும் வாழைப்பழ மணத்தை எல்லா உலர் ஈஸ்ட்டும் தருவதில்லை. புதிதாகக் கிடைத்தால் திரவ ஈஸ்ட்டுக்கே என் ஓட்டு. 17, 18 டிகிரியில் நொதிக்கவிட்டால் கிராம்பு முந்தும். 22-ஐத் தாண்டினால் வாழைப்பழம். சாதாரண வாளி நீரில் கலனை நிறுத்தினாலே வெப்பம் ஓரளவு அடங்கும்.

எந்த வழியானாலும் கலனில் மூன்றில் ஒரு பங்கைக் காலியாக விடுங்கள். இந்த ஈஸ்ட் வகையின் நுரை மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். புட்டியில் அடைக்கும்போது அவசரம் ஆபத்து. கோதுமை பீருக்கு வாயு அதிகம் வேண்டும் என்பதால் லிட்டருக்கு 8 கிராம் அளவுக்குச் சர்க்கரை சேர்க்கிறோம். நொதித்தல் முடியாமல் அடைத்தால் புட்டி வெடிக்கும். சாறின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் மூன்று நாள் ஒரே அளவைக் காட்டிய பிறகு, கனமான பீர் புட்டிகளில் மட்டும் அடையுங்கள்.