செயின்ட் லூயிஸ் ஃபுட்பாலும் என் ஓட்டும்: 25 ஆண்டு அனுபவம்

1999 செப்டம்பரில் ஒய்2கே (2000-ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகள் தேதியைத் தவறாகப் புரிந்துகொள்ளாமல் திருத்தும்) வேலைக்காக, அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உள்ள செயின்ட் லூயிஸ் வந்து இறங்கினேன். ஆறு மாத வேலை என்றுதான் அனுப்பினார்கள். இன்னும் இங்கேதான் இருக்கிறேன், அதுவும் நகர எல்லைக்குள். சம்பளத்தில் 1 சதவீதம் மாதாமாதம் நகரத்துக்கு வரியாகப் போகிறது. ரசிகனாகவும் வரி கட்டியவனாகவும் இந்த ஊர் ஃபுட்பாலோடு வாழ்ந்திருக்கிறேன். புதிதாக வரும் தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்பதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். இங்கே ஃபுட்பால் என்றால் அமெரிக்க ஃபுட்பால். நம் ஊர்க் கால்பந்துக்கு சாக்கர் என்று பெயர்.

நான் வந்த நேரம் அப்படிப்பட்ட நேரம். இந்த ஊர் ஃபுட்பால் அணியான ராம்ஸின் முதன்மை குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) டிரென்ட் கிரீன், சீசன் தொடங்கும் முன்பே முழங்கால் அடிபட்டு வெளியேறியிருந்தார். அவர் இடத்துக்கு வந்தவர் கர்ட் வார்னர். சில ஆண்டுகளுக்கு முன்புவரை அயோவாவில் ஒரு மளிகைக் கடையில் அலமாரி அடுக்கிக்கொண்டிருந்தவர். அந்த மனிதர் அணியை சூப்பர் பௌல் வரை கொண்டுபோனார். 2000 ஜனவரி 30 அன்று டென்னசி டைட்டன்ஸோடு இறுதி ஆட்டம். ஆபீஸ் நண்பர் வீட்டில், விதி பாதி புரியாமல் பார்த்தேன். கடைசி நொடியில் எதிரணி வீரர் எல்லைக் கோட்டைத் தொட ஒரு கெஜம் இருக்கும்போது மைக் ஜோன்ஸ் அவரைப் பிடித்து இழுத்துச் சாய்த்தார். 23-16. அன்று இரவு தெருவெல்லாம் கார் ஹாரன். முன்பின் தெரியாதவர்கள் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். இது என் ஊர் என்று முதன்முதலில் தோன்றியது அன்றுதான்.

அந்த அணி ஆடிய டோம் ஸ்டேடியம் பற்றியும் சொல்ல வேண்டும். டவுன்டவுனில், மெட்ரோலிங்க் ரயிலின் கன்வென்ஷன் சென்டர் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே இருக்கிறது. காரில் போய் பார்க்கிங் தேடாதீர்கள், ரயிலே சுகம். மூடிய கூரை என்பதால் உள்ளே பகல் வெளிச்சமே தெரியாது. ஆனால் கூட்டம் கத்தும்போது சத்தம் நெஞ்சுக்குள் இறங்கும். அதை வேறு எந்த ஸ்டேடியத்திலும் நான் கேட்டதில்லை.

கட்டியதற்குச் சுமார் 28 கோடி டாலர் செலவு. அந்தக் கடனுக்காக மாநில அரசு ஆண்டுக்கு 1.2 கோடி, நகரமும் கவுண்டியும் (நகரை ஒட்டிய, தனி நிர்வாகம் உள்ள மாவட்டம்) தலா 60 லட்சம் டாலர் கட்டின. 1988-இல் கார்டினல்ஸ் ஃபுட்பால் அணி அரிசோனாவுக்குப் போய்விட்டது. அந்த இழப்பின் பதற்றத்தில், கையில் அணி இல்லாமலேயே ஸ்டேடியத்தைக் கட்டத் தொடங்கினார்கள். காலி ஸ்டேடியத்தை வைத்துக்கொண்டு பேரம் பேசினால் என்ன நடக்கும்? 1995-இல் ராம்ஸ் வந்தபோது, 2005-இலும் 2015-இலும் இந்த ஸ்டேடியம் தரத்தில் நாட்டின் முதல் கால்வாசி ஃபுட்பால் ஸ்டேடியங்களில் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அணி நீண்டகாலக் குத்தகையிலிருந்து விடுபடலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தார்கள். என்னைக் கேட்டால், அணி போனது கையெழுத்துப் போட்ட அந்த நாளிலேயே. மற்ற ஊர்கள் புதுப்புது ஸ்டேடியம் கட்டிக்கொண்டே இருக்கும்போது அந்த வரிசையில் நாம் எத்தனை காலம் நிற்க முடியும்?

நடுவில் ஆட்டமும் படுத்துவிட்டது. 2007 முதல் 2011 வரை ஐந்து சீசன், 80 ஆட்டம், 15 வெற்றி. டிக்கெட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு மூன்றாம் கால்வாசியில் எழுந்து வந்த நாட்கள் உண்டு. அதனால் "ரசிகர்கள் வரவில்லை" என்று பிறகு எங்கள் மேல் பழி போட்டபோது மனம் உண்மையாகவே வலித்தது.

2013-இல் குத்தகைத் தகராறைத் தீர்க்க அமர்ந்த நடுவர் குழு, டோமை ஒப்பந்தப்படி மேம்படுத்த சுமார் 70 கோடி டாலர் ஆகும் என்ற அணியின் திட்டத்தை ஏற்றது. இங்கிருந்து முன்வைத்த திட்டம் 12.4 கோடிக்குத்தான். நகரம் கை விரித்தது. அது சரியான முடிவு என்று இன்றும் நினைக்கிறேன்.

அடுத்து நடந்ததுதான் என்னால் இன்னும் ஏற்க முடியாதது. ஸ்டேடியத்துக்குப் பொதுப்பணம் கொடுக்கும் முன் மக்களிடம் ஓட்டு கேட்க வேண்டும் என்று 2002-இல் நகர மக்களே ஒரு சட்டத்தை நிறைவேற்றியிருந்தார்கள். அப்போது எனக்கு ஓட்டு இல்லை. குடியுரிமை வாங்கிய பிறகு இந்த வாய்ப்புக்காகக் காத்திருந்தேன். 2015 ஆகஸ்டில், ஆற்றங்கரையில் புது ஸ்டேடியம் கட்டும் திட்டம் சூடாக இருந்தபோது, நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. நகரம் மேல்முறையீடு செய்யவில்லை. டிசம்பரில் நகர்மன்றம் 17-10 என்ற கணக்கில் 15 கோடி டாலருக்கு ஒப்புதல் கொடுத்தது. கேட்டிருந்தால் நான் "வேண்டாம்" என்றுதான் போட்டிருப்பேன். ஆனாலும் என்னைக் கேட்டிருக்க வேண்டும்.

அதுவும் வீணாயிற்று. 2016 ஜனவரி 12 அன்று தேசிய ஃபுட்பால் லீக்கின் அணி உரிமையாளர்கள் 30-2 என்று வாக்களித்து ராம்ஸை லாஸ் ஏஞ்சலஸுக்கு அனுப்பினார்கள். ராம்ஸ் உரிமையாளர் ஸ்டான் குரோன்கி மிசௌரியில் பிறந்தவர். இந்த ஊர் பேஸ்பால் வீரர்கள் ஈனஸ் ஸ்லாட்டர், ஸ்டான் மியூசியல் இருவர் பெயரையும் சேர்த்து அவருக்கு ஈனஸ் ஸ்டான்லி என்று பெயர் வைத்தார்கள். அதனால்தான் இங்குள்ள பெரியவர்களுக்கு அவர் மேல் கோபம் இன்னும் ஆறவில்லை.

2017-இல் சாக்கர் ஸ்டேடியத்துக்கு வரிப்பணம் கொடுக்கலாமா என்று ஒருவழியாக எங்களைக் கேட்டார்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே கால்பந்துதான் உயிர். இருந்தும் வேண்டாம் என்று போட்டேன். பெரும்பான்மையும் அப்படியே போட்டது. ஊரின் கனவைக் கெடுத்துவிட்டீர்கள் என்று சிலர் திட்டினார்கள். இரண்டே ஆண்டில் ஓர் உள்ளூர்க் குடும்பம் முன்வந்தது. சில வரிச் சலுகைகள் உண்டு, ஆனால் பெரும்பகுதி தனியார் பணத்தில் 22,500 பேர் உட்காரும் அழகான ஸ்டேடியம் எழுந்தது. 2023-இல் அங்கே ஆடும் புது சாக்கர் அணியான சிட்டி எஸ்சி தன் முதல் ஐந்து ஆட்டங்களையும் வென்றது. மகளோடு போய் வந்தேன். முடிந்தால் நீங்களும் குடும்பத்தோடு போங்கள், எந்த இருக்கையிலிருந்தும் மைதானம் பக்கத்தில் தெரியும்.

டோமும் காலியாக இல்லை. பேட்டில்ஹாக்ஸ் என்ற சிறிய லீக் அணி அங்கே ஆடுகிறது. 2023-இல் ஒரே ஆட்டத்துக்கு 38,000 பேருக்கு மேல் வந்தார்கள். ரசிகர்கள் இல்லாத ஊர் என்று சொன்னவர்களுக்கு அதுவே பதில்.

இனி பணக் கதை. அணி போன விதம் தவறு என்று நகரமும் கவுண்டியும் 2017-இல் வழக்குப் போட்டன. உரிமையாளர்கள் தங்கள் சொத்துக் கணக்கைக் காட்ட வேண்டும் என்று நீதிபதி உத்தரவிட்டார். விசாரணை தொடங்கும் முன், 2021 நவம்பரில், 79 கோடி டாலருக்கு சமரசம் ஆனது. வக்கீல் கட்டணம் போக மீதியைப் பங்கு பிரிக்கவே இன்னும் ஓர் ஆண்டு. 1876-இல் நகரமும் கவுண்டியும் தனித்தனியாகப் பிரிந்ததன் விலையை இங்கே எல்லா விஷயத்திலும் கட்டிக்கொண்டிருக்கிறோம். நகரத்தின் பங்கு சுமார் 25 கோடி. அதை எப்படிச் செலவழிப்பது என்று ஆண்டுக்கணக்கில் பேச்சு மட்டும்தான் நடந்தது.

1950-இல் எட்டரை லட்சம் பேர் வாழ்ந்த நகரம், 2020 கணக்கெடுப்பில் மூன்று லட்சத்தில் நிற்கிறது. அதிகம் காலியானது வடக்குப் பகுதி. 2025 மே 16 அன்று டொர்னேடோ சூறாவளி அந்தப் பகுதியைத்தான் கிழித்துப் போட்டது. ராம்ஸ் சமரசப் பணத்தின் வட்டியிலிருந்து 3 கோடி டாலரை நிவாரணத்துக்கு ஒதுக்கினார்கள். சூறாவளி அடித்த வார இறுதியில் நண்பர்களோடு போய் செங்கல் அள்ளினேன். பழைய செங்கல் வீடுகள், நான்கு சுவர் நிற்கிறது, மேலே நீலத் தார்ப்பாய். ஒரு பாட்டி அந்த வீட்டிலேயே பிறந்தவராம். ராம்ஸ் தொப்பி ஒன்றை இடிபாட்டிலிருந்து எடுத்து, தூசி தட்டி, எங்களிடம் காட்டினார்.

மீதிப் பணம் முதலில் அந்தக் கூரைகளுக்குப் போக வேண்டும் என்று எங்கள் வார்டு உறுப்பினருக்கு எழுதியிருக்கிறேன். நகரத்துக்குள் வீடு பார்ப்பவர்கள், குடியேறியதும் உங்கள் வார்டு எது என்று தெரிந்துகொண்டு நீங்களும் எழுதுங்கள்.