48,000 போச்சு: லோடர் பக்கெட் வாங்குமுன் ஹிட்சை அளந்துவிடுங்கள்

சின்ன டிராக்டரின் முன்பக்க லோடருக்கு பக்கெட் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பொருள் வந்து இறங்கி நாலு நாள்தான் ஆகிறது, வயிறு எரிகிறது. 48,000 ரூபாய்.

பண்ணைச் சாமான் விற்கும் ஒரு ஆன்லைன் தளம். "எல்லா குயிக் ஹிட்சுக்கும் பொருந்தும்" என்று போட்டிருந்தார்கள். அதை நான் நம்பவில்லை. ஹிட்ச் என்பது லோடர் கையின் நுனியில் பக்கெட்டை மாட்டும் அமைப்பு. நேரடியாகப் பின் போட்டு மாட்டுவது, ஸ்கிட் ஸ்டீர் வகை, யூரோ வகை, கம்பெனிக்கென்றே தனி வகை என்று பல இருக்கின்றன, ஒன்றுக்கொன்று சேராது. அதனால் ஹிட்ச் தட்டின் மேல் டேப்பை வைத்துப் படமெடுத்து அனுப்பினேன். அஞ்சே நிமிஷத்தில் பதில்: "சார், இது ஸ்கிட் ஸ்டீர் ஹிட்ச்தான். ஐஎஸ்ஓ 24410 அளவுலதான் பண்றோம். தைரியமா போடுங்க." தர எண்ணையே சொல்கிறானே, தொழில் தெரிந்தவன் என்று நினைத்துவிட்டேன். அங்கேதான் விழுந்தேன்.

மாட்டியபோது பக்கெட்டின் மேல் விளிம்பு ஹிட்சில் சரியாக உட்கார்ந்தது. கீழே இரண்டு ஆப்புப் பின்களும் பக்கெட்டின் துளைக்குள் இறங்கிப் பிடிக்க வேண்டும். இடது பின் இறங்கியது. வலது பின் துளையின் ஓரத்தில் முட்டி நிற்கிறது, பூட்டுக் கைப்பிடி பாதிக்கு மேல் மடங்கவில்லை. ஒரு விரல்கடை தள்ளி வெட்டியிருக்கிறார்கள். ஒற்றைப் பின்னில் பக்கெட்டைத் தூக்கிக் கொட்டினால் கழன்று விழும். பக்கத்தில் ஆள் நின்றால் கால் போய்விடும்.

போன் போட்டேன். "சுத்தியலால ரெண்டு தட்டு தட்டுங்க சார்." மறுநாள், "கிரைண்டர் வச்சு லேசா தேய்ங்க, உக்காந்துரும்." துளை அகலமானால் ஆப்பு இறுகாது, ஆட்டம் கண்டுவிடும் என்று சொல்லியும் கேட்கவில்லை. சொன்னபடி ஓரத்தில் கொஞ்சம் தேய்த்தேன். உட்காரவில்லை. திருப்பி எடுங்கள் என்றதும், "கிரைண்டர் வச்ச பொருளை எடுக்க மாட்டோம்" என்கிறார்கள். தேய்க்கச் சொன்னதே அவர்கள்தான்! இப்போது போனையே எடுப்பதில்லை. 48,000 முழுசாகப் போனது.

பக்கெட்டை எடை போட்டால் 148 கிலோ. பட்டியலில் 105. இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். லோடர் 400 கிலோ தூக்கும் என்றால் பக்கெட்டின் எடையும் அதற்குள்தான். மிச்சம் 252. கையேட்டில் பெரும்பாலும் பக்கெட்டை மாட்டும் பின்னின் மையத்தில் தூக்கும் அளவைத்தான் போடுவார்கள், சுமையோ அதற்கு முன்னால் தள்ளி உட்காருகிறது, அதனால் இன்னும் குறையும். ஈரமண் கன மீட்டருக்குச் சுமார் 1,600 கிலோ வரும். 0.3 கன மீட்டர் பக்கெட்டை நிரப்பினால் 480 கிலோ. தூக்காது, இல்லையென்றால் பின்சக்கரம் எழும்பும். மரத்தூளுக்கும் காய்ந்த சருகுக்கும்தான் பெரிய பக்கெட், மண்ணுக்குச் சின்னது.

வெட்டு விளிம்பு "கடின எஃகு" என்றார்கள். அரத்தை வைத்து இழுத்தேன், துருவல் கொட்டுகிறது. கடினப்படுத்திய எஃகில் அரம் இவ்வளவு சுலபமாகக் கடிக்காது. இது ஒரு பருவத்திலேயே வளைந்துவிடும். போல்ட் போட்டதாக இருந்தாலாவது மாற்றலாம், இது பற்றவைத்தது.

எப்படித் தேர்வு செய்வது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. அவசரமாகச் சொல்கிறேன். கீழ்த்துளை இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம், மேல் விளிம்பிலிருந்து துளைக்கு உள்ள உயரம், பக்கெட்டின் வெற்று எடை, மூன்றையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். அகலம் டயர்களின் வெளி ஓரத்தை மூட வேண்டும், இல்லாவிட்டால் தோண்டாத மண்மேல் டயர் ஏறும். டிராக்டரின் பின்னால் சமன் எடை கட்டாமல் எந்த பக்கெட்டையும் நிரப்பாதீர்கள். வந்த பொருள் இரண்டு பின்னிலும் பூட்டுகிறதா என்று வீடியோ எடுங்கள். அதற்கு முன் கிரைண்டரைத் தொடாதீர்கள், யார் சொன்னாலும்.