கொழும்பு ஈரத்தில் மீன் பசை: சில வருடப் பாவனைக்குப் பிறகு

மீன் பசை காய்ச்சுவது எப்படி என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, எதை ஒட்டப் போகிறீர்கள் என்றுதான். செருப்பு, பிளாஸ்டிக் கதிரை என்றால் கடைப் பசையே போதும். என்றைக்காவது ஒருநாள் பிரிக்க வேண்டி வரும் பொருளுக்குத்தான் இந்தப் பாடு. பழைய புத்தகங்களின் முதுகு, ஹார்மோனியத் துருத்தி, அலுமாரியில் உரிந்த மரத்தகடு ஆகியவற்றுக்குச் சில வருடங்களாக நான் பாவிப்பது இதைத்தான். இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் வைத்தால் ஒட்டு விட்டுவிடும். வெள்ளைப் பசையால் ஒட்டிய புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

உசத்தியானது மீனின் காற்றுப்பையில் காய்ச்சுவது. பழைய தேவாலயத் திருவோவியங்களில் எழும்பிய வர்ணத்தைப் படிய வைக்க ரஷ்யாவில் இன்றும் ஸ்டர்ஜன் மீனின் காற்றுப்பைப் பசையைப் பாவிக்கிறார்கள். நமக்கு அது சரிவராது. அறக்குளாவுக்கும் சூரைக்கும் சுறாவுக்கும் காற்றுப்பையே கிடையாது. கொடுவாவுக்கு உண்டு, ஆனால் காய்ந்த காற்றுப்பைக்குச் சீனச் சந்தையில் இருக்கும் விலைக்கு அதைப் பசையாக்க மனம் வராது. எனவே தோல்தான். வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வெட்டுபவரிடம் சொல்லி வைத்தால் சும்மாவே தருவார், “பூனைக்கா?” என்று கேட்டுவிட்டு. கொழுப்பு மீனின் தோலை வாங்க வேண்டாம். எண்ணெய் கலந்த பசை ஒட்டாது. எனக்குப் பிடித்தது கொடுவாவும் திலாப்பியாவும்.

செதிளும் சதையும் ஒட்டாமல் சுரண்டி, தண்ணீர் தெளியும் வரை கழுவ வேண்டும். பிறகு வினாகிரி கலந்த தண்ணீரில் ஊற வைத்தால் தோல் உப்பி வரும். அதை மறுபடி கழுவிப் போத்தலில் போட்டு, அந்தப் போத்தலை வெந்நீர்ச் சட்டிக்குள் இறக்கி, 60 பாகை செல்சியஸை ஒட்டிய சூட்டில் சில மணித்தியாலம் வைப்பேன். கொதிக்க விடவே கூடாது. தோலில் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் ஜெலட்டினாக மாறுவதுதான் பசை. சூடு கூடினால் அந்த ஜெலட்டினும் துண்டு துண்டாகி, பார்வைக்குப் பசையாகவும் பிடிப்பில் கஞ்சியாகவும் போய்விடும். மேலே மிதக்கும் எண்ணெயை வழித்துவிட்டு மெல்லிய துணியில் வடித்தால் வேலை முடிந்த மாதிரி. இரண்டாவது முறை அதே தோலில் எடுப்பது கறுப்பாகவும் பலம் குறைந்தும் இருக்கும், அட்டைப் பெட்டிக்கு ஆகும்.

உண்மையான தொல்லை காய வைப்பதில்தான். மாட்டுத்தோல் பசை ஆறியதும் கட்டியாகும். மீன் பசை கட்டியாக அதைவிடக் குளிர் வேண்டும். கொழும்பு அறைச் சூட்டில் அது தண்ணீராகவே கிடக்கும், காய்வதற்குள் பழுதாகிவிடும். அதனால் தட்டில் மெல்லியதாக ஊற்றி ஃபிரிஜ்ஜில் உறைய வைத்து, நாடாவாக வெட்டி, ஏசி அறையில் வலைத்தட்டில் போட்டு ஃபேனைத் திருப்பி விடுகிறேன். மின்சார பில்லையும் சேர்த்துப் பார்த்தால் ‘சும்மா கிடைத்த தோல்’ என்ற பேச்சு எடுபடாது. தை, மாசியில் காற்று கொஞ்சம் வறண்டிருக்கும். வருடத்துக்கு வேண்டியதை அப்போதே காய்ச்சி வைப்பது நல்லது. மே மாதத்துக்குப் பிறகு தொடங்க வேண்டாம். மணத்தையும் சொல்ல வேண்டும். கீழ் மாடியில் சைவக் குடும்பம் இருந்தால் வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

நன்கு காய்ந்த நாடாவை இறுக்க மூடிய போத்தலில் வைத்தால் நாள் கணக்கில்லாமல் இருக்கும். வேண்டியபோது குளிர்ந்த தண்ணீரில் ஊற வைத்து மெதுவாகச் சூடாக்கினால் சரி. கரைத்த பசையோ ஃபிரிஜ்ஜிலும் சில நாள்தான். ஒரு துளி கராம்பு எண்ணெய் பூஞ்சணத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடும்.

ஒட்டும் வேலையில் இதன் பெரிய குணம் அவசரப்படுத்தாதது. மாட்டுத்தோல் பசை ஆறுவதற்குள் எல்லாம் பொருந்தியாக வேண்டும். இதில் தனி ஆளாக மரத்தகட்டை நகர்த்தி நகர்த்திச் சரிபார்க்க நேரம் உண்டு. அதற்கு ஈடாக இரவு முழுக்க அழுத்தி வைக்க வேண்டும், மழை நாளில் இன்னும் கூட. அலுமாரித் தகடுகள் பல மழைக்காலம் தாண்டி நிற்கின்றன. சமையலறை ஜன்னலோரம் இருந்த கதிரைக் கால் மட்டும் ஆடத் தொடங்கிவிட்டது. நீராவி படும் இடத்துக்கு இது ஆகாது. படிகாரம் சேர்த்தால் தண்ணீரைத் தாங்கும் என்பது உண்மைதான், ஆனால் பிறகு பிரிக்க முடியாது. தாளுக்குப் படிகாரத்தின் புளிப்பும் கெடுதி. புத்தக முதுகில் துளி கிளிசரின் சேர்த்தால் வளைந்து கொடுக்கும். கரப்பானுக்கும் இந்தப் பசை விருந்து என்பதால் ஒட்டிய புத்தகங்களைத் திறந்த ராக்கையில் வைப்பதில்லை.

தேவாரம், கந்தபுராணம் மாதிரிப் புத்தகங்கள் திருத்த வந்தால் என்ன பசை என்று முதலே சொல்லிவிடுவேன். பூசை அறைக்குப் போகிற புத்தகத்தில் மீனா என்று முகம் சுருங்குபவர்கள் உண்டு, அது நியாயம்தான். அவர்களுக்குக் கோதுமை மாப் பசை. புத்தகத்துக்கு அதுவும் நன்றாகவே பிடிக்கும், தண்ணீரில் பிரியும், காய்ச்சவும் பத்து நிமிடம் போதும். மரத்துக்கு மட்டும் அது ஆகாது. பஜனை மடத்து ஹார்மோனியம் வந்தாலும் இதே கேள்விதான். துருத்தியில் ஏற்கனவே தோல் இருக்கிறதே என்று சொன்னால் பெரும்பாலும் சிரித்துவிட்டுச் சம்மதிக்கிறார்கள்.