நாலு வருசமாக வார்ப்பிரும்பில் சமையல்: கல்லும் வடச்சட்டியும்

நான்ஸ்டிக் தவாவின் பூச்சு உரிந்து தோசையோடு ஒட்டிக்கொண்டு வந்த அன்றைக்குத்தான் மாறுவது என்று முடிவெடுத்தேன். கோயமுத்தூர் டவுன்ஹால் பக்கம் ஒரு பாத்திரக்கடையில் 12 அங்குலத் தோசைக்கல், வடச்சட்டி, ஏழு குழிப் பணியாரக்கல் மூன்றும் வாங்கினேன். பஸ்ஸில் ஈரோடு வந்து சேர்வதற்குள் தோள்பட்டை கழன்றுவிட்டது.

"பழக்கின கல்லுதானுங்க, அப்படியே ஊத்தலாம்" என்றார் கடைக்காரர். வீட்டில் கழுவினால் தண்ணீர் கருப்பாக ஓடுகிறது. முதல் தோசை கல்லை விட்டு வரவே இல்லை.

அத்தை சொன்னபடி வடிகஞ்சியில் ஊறவைத்து, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினேன். அதுவரை சரி. எண்ணெயில்தான் கோட்டை விட்டேன். கடலை எண்ணெயைத் தாராளமாகப் பூசி அடுப்பில் ஏற்றினேன். ஆறியபின் தொட்டால், பலாப்பழம் அறுத்த கத்தி மாதிரி பிசுக்கென்று விரல் ஒட்டியது. அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, கல்லுக்கு எண்ணெய் தடவச் சொன்னா குளிப்பாட்டி உட்டிருக்கற?" என்றார்.

எண்ணெய் மெல்லிசாக இருந்து புகை வருமளவு சூடேறினால், இரும்போடு இறுகிப் பூச்சாகிவிடும். கனமாக இருந்தால் பாதி இறுகி, பாதி பிசினாக நிற்கும். இப்போதெல்லாம் சூடான கல்லில் அரை ஸ்பூன் தடவி, பழைய வேட்டித் துணியால் 'எண்ணெயே போடலையோ' என்று தோன்றும்வரை துடைத்து எடுக்கிறேன். அப்புறம் புகை அடங்கும்வரை சூடேற்றி அணைத்துவிடுவேன். முதலில் இப்படி ஐந்து தடவை செய்தேன். பிறகு தினமும் சுடுகிற தோசையே பார்த்துக்கொண்டது.

வார்ப்பிரும்பு மெதுவாகத்தான் சூடேறும், சூடும் ஒரே சீராகப் பரவாது. அவசரப்பட்டு தீயைக் கூட்டினால் நடுவில் கருகி ஓரம் வேகாது. சின்னத் தீயில் ஆறேழு நிமிடம் காயவிட்டால் போதும், பிறகு பத்துத் தோசை ஊற்றினாலும் சூடு இறங்காது. கம்பு தோசையின் ஓரம் நான்ஸ்டிக்கில் இப்படி முறுகியதே இல்லை. வடச்சட்டியின் அருமை தெரிவது பள்ளிபாளையம் சிக்கனில். சின்ன வெங்காயமும் வரமிளகாயும் வதங்கி, கறி விட்ட தண்ணீர் சுண்டி, தேங்காய்ச் சில்லின் ஓரம் சிவக்கிற அந்தக் கடைசிப் பத்து நிமிடத்துக்காகவே இந்தச் சட்டியை வைத்திருக்கலாம்.

புளி மட்டும் ஆகாது. ஒருமுறை புளிக்குழம்பை ராத்திரி அதிலேயே விட்டுவிட்டேன். காலையில் குழம்பு கருத்து, இரும்பு ருசி அடித்து, சட்டியின் பூச்சும் போயிருந்தது. குழம்பும் ரசமும் எவர்சில்வருக்கே.

எங்கள் வீட்டில் புழங்குவதற்கு உப்புத் தண்ணீர். கழுவி அப்படியே கவிழ்த்தால் மறுநாளே செம்மண் பூசினதுபோல் துரு. துடைத்து இரண்டு நிமிடம் அடுப்பில் காட்டிவிட்டால் வராது. துரு வந்தாலும் பயமில்லை, கல்லுப்பு போட்டுத் தேய்த்துத் திரும்பப் பழக்கிக்கொள்ளலாம். சோப்பு கொஞ்சம் படலாம், ஊறத்தான் விடக்கூடாது.

பணியாரக்கல்லை நான்தான் கெடுத்தேன். சூட்டோடு குழாயடியில் காட்டினேன். 'டிக்' என்று சின்னச் சத்தம், ஒரு குழியிலிருந்து விளிம்புவரை மயிரிழைக் கோடு. "வார்ப்படத்துல கரி அதிகம் அம்மிணி, நெளியாது, உடையத்தான் செய்யும்" என்றார் கோயமுத்தூர் கணபதியில் இரும்பு வார்க்கும் பவுண்டரியில் வேலை பார்த்த அண்ணன். அது இப்போது மொட்டைமாடியில் குருவிக்குக் கம்பு போட ஆகிறது.

எனக்கிருக்கும் ஒரே குறை, கனம். அத்தையால் கல்லைத் தூக்க முடிவதில்லை. அதனால் ராத்திரி படுக்கப் போகும் முன்பே அடுப்பில் ஏற்றி வைத்துவிடுகிறேன். காலையில் நான் எழுந்து வருவதற்குள் முதல் தோசையைச் சுட்டிருப்பார்.