100 மைக்ரோகிராம் சிஇஏ: வாங்கிப் பயன்படுத்திய அனுபவம்

பாளையங்கோட்டையில் ஒரு சிறிய ஆராய்ச்சிக் கூடத்தில் எலைசா (ஒரு புரதம் எவ்வளவு இருக்கிறது என்று நிறமாற்றத்தை வைத்து அளக்கும் சோதனை) வேலை பார்க்கிறேன். பெருங்குடல் புற்றுநோயில் பார்க்கப்படும் சிஇஏ (கார்சினோஎம்ப்ரியானிக் ஆன்டிஜன்) என்ற புரதத்தை அளக்க நாங்களே ஒரு எலைசா முறையை உருவாக்கி வருகிறோம். அதற்கு ஸ்டாண்டர்டாக (அளவு தெரிந்த ஒப்பீட்டுப் பொருளாக) வைக்க, மனிதத் திசுவிலிருந்து பிரித்துச் சுத்திகரித்த சிஇஏ 100 மைக்ரோகிராம் உள்ள வயல் (சின்னக் குப்பி) ஒன்றை வாங்கினோம். வெளிநாட்டுச் சரக்கு, சென்னை ஏஜென்ட் மூலம் வந்தது. தெற்கே சின்ன லாப் வைத்திருப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

பொருள் தரமானது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கல்லீரலுக்குப் பரவிய பெருங்குடல் புற்றுக்கட்டியிலிருந்து எடுத்தது என்று சான்றிதழிலேயே போட்டிருக்கிறார்கள். 1965இல் மாண்ட்ரியலில் ஃபில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் இந்தப் புரதத்தை முதலில் கண்டுபிடித்ததும் பெருங்குடல் புற்றுத் திசுவில்தான். திசுவை அரைத்துப் பெர்குளோரிக் அமிலம் சேர்த்தால் மற்ற புரதங்களில் பெரும்பாலானவை படிந்துவிடும், சர்க்கரைச் சங்கிலிகள் நிறைந்த சிஇஏ கரைந்தே நிற்கும். சுத்திகரிப்புக்கு அடிப்படை அதுதான்.

வந்தவுடன் கொஞ்சம் எடுத்து, புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தோம். 180 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) பக்கத்தில் ஒரே ஒரு பட்டை. ஆனால் கூர்மையாக இல்லை, மேலும் கீழும் இழுபட்டு அகலமாகத் தெரிந்தது. கூட வேலை பார்க்கும் மாணவிக்கு முகம் வாடிவிட்டது, "சார், இது சுத்தமில்ல போலிருக்கே" என்றாள். அப்படியில்லை. இந்தப் புரதத்தின் எடையில் ஏறக்குறைய பாதி சர்க்கரைதான், அதுவும் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஒரே அளவில் ஒட்டியிருக்காது. அதனால் பட்டை பரந்துதான் வரும். கீழே வேறு பட்டை இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும், எங்கள் ஜெல்லில் எதுவும் இல்லை. பாக்டீரியாவில் தயாரித்த மலிவான சிஇஏவும் கிடைக்கிறது, அதில் இந்தச் சர்க்கரை இருக்காது. நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைப் போன்ற ஸ்டாண்டர்ட் வேண்டுமென்றால் கூடுதல் விலை கொடுத்து இதைத்தான் வாங்க வேண்டும்.

எலைசா கர்வ் (புரத அளவுக்கு ஏற்ப நிறம் எப்படி மாறுகிறது என்று காட்டும் வரைகோடு) அழகாக வந்தது. ஒரு மில்லிக்கு 2.5 நானோகிராமுக்கும் 5 நானோகிராமுக்கும் நடுவே வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. எங்களுக்கு முக்கியமான இடமே அதுதான். புகைபிடிக்காதவர்களின் ரத்தத்தில் ஒரு மில்லிக்குச் சுமார் 3 நானோகிராமுக்குள்ளும், புகைபிடிப்பவர்களுக்கு 5 வரைக்கும் இருப்பதைப் பொதுவாக இயல்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

குறைகளும் உண்டு. கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் சோடியம் அசைடு 0.1 சதவீதம் இருப்பதை கேட்லாக்கில் போடவில்லை, வயலோடு வந்த தாளில்தான் இருக்கிறது. ஸ்டாண்டர்டுக்குப் பத்தாயிரம் மடங்கு நீர்க்கப் போகிறோம் என்பதால் கவலையில்லை. ஆனால் இதே புரதத்தோடு எலைசாவில் நிறம் தரும் எச்ஆர்பி என்சைமை ஒட்ட நினைப்பவர்களுக்கு அசைடு அந்த என்சைமையே முடக்கிவிடும், முதலில் டயாலிசிஸ் (சவ்வு வழியாக வடித்தல்) செய்து அசைடை நீக்கியாக வேண்டும். இதை வாங்கும் முன்பே சொல்ல வேண்டாமா? சிஇஏவுக்கென்று உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் 73/601 என்ற எண்ணுள்ள ஒப்பீட்டு மாதிரியோடு பார்த்தால் இது எத்தனை யூனிட் என்ற கணக்கும் தாளில் இல்லை. ஏஜென்ட்டிடம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

பெரிய வருத்தம் கூரியரில்தான். ஆனித் தேரோட்டத்தை ஒட்டி அனுப்பிவிட்டார்கள். நெல்லையப்பர் தேருக்கு இங்கே உள்ளூர் விடுமுறை என்பது சென்னையில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? பெட்டி குடோனிலேயே கிடந்தது. எங்கள் கைக்கு வந்தபோது ஐஸ் பேக்கை அழுத்தினால் விரல் உள்ளே போனது, உள்ளே தொட்டால் குளிர்ச்சி மட்டும் மிச்சம். சிஇஏ கொஞ்சம் தாங்கும் புரதம் என்பதால் தப்பித்தோம். வேறு புரதமாக இருந்தால் அவ்வளவு பணமும் போயிருக்கும். டிரை ஐஸில் அனுப்பச் சொல்லுங்கள், பெட்டிக்குள் வெப்பநிலையைப் பதிவு செய்யும் டெம்பரேச்சர் லாகர் வைக்கச் சொல்லுங்கள், திங்கட்கிழமை கிளம்பும்படி ஆர்டர் போடுங்கள்.

அன்று பெட்டி கொண்டு வந்த தம்பி லேபிளைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இத வச்சு எங்க மாமாவுக்குக் கேன்சர் இருக்கான்னு பாத்துச் சொல்லிருவீங்களா?" என்று கேட்டான். முடியாது தம்பி என்று உட்கார வைத்துச் சொன்னேன். இது ஆராய்ச்சிக்கு மட்டும். ரத்தத்தில் சிஇஏ கூடியிருந்தாலே புற்றுநோய் என்றில்லை, புகைப்பழக்கத்திலும் கல்லீரல் பாதிப்பிலும் கூடும். ஆரம்பக் கட்டத்தில் நோய் இருந்தும் கூடாமல் போகலாம். ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு நோய் திரும்புகிறதா என்று கவனிக்கத்தான் டாக்டர்கள் இதைப் பெரிதும் நம்புகிறார்கள். மாமாவுக்கு மலத்தில் ரத்தம் போகிறதென்றால் லாபைத் தேடாமல் டாக்டரிடம் கூட்டிப் போ என்றேன்.

வந்த உடனே 10 மைக்ரோலிட்டர் வீதம் சின்ன டியூப்களில் பிரித்து மைனஸ் 80இல் வைத்துவிடுங்கள். உறைந்ததை மறுபடி மறுபடி உருக்கக் கூடாது. எச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்குச் சோதித்தது என்று சான்றிதழ் சொன்னாலும் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், மனித உடம்பிலிருந்து வந்த பொருள். யாரோ ஒருவருடைய நோயிலிருந்து கிடைத்தது என்பதாலேயே, டியூப் சுவரில் ஒட்டியிருக்கும் கடைசித் துளியையும் சென்ட்ரிஃபியூஜில் ஒரு சுற்று சுற்றி இறக்கிப் பயன்படுத்தச் சொல்லி மாணவர்களிடம் பிடிவாதம் பிடிக்கிறேன்.

ஸ்டாண்டர்ட் கர்வுக்கு மட்டும் என்றால் 100 மைக்ரோகிராம் தாராளம். 1 மில்லிகிராம் வயல் கணக்குப்படி லாபம்தான். ஆனால் மின்வெட்டுக்கு ஜெனரேட்டர் இல்லாத லாபில் அதை வாங்கி வைக்க வேண்டாம்.